வானத்திலிருந்து விழுந்த கூறை

பாராசூட் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு நீல நிறத் தேங்காய் எண்ணெய் டப்பா ஞாபகம் வரும். மீதிப் பேருக்குக் கதாநாயகன் விமானத்திலிருந்து குதிக்கும் சினிமாக் காட்சி. ஒரு பெரிய துணி, சில கயிறுகள், கொஞ்சம் காற்று, அவ்வளவுதான் சங்கதி. இதை ராணுவமும் பொறியாளர்களும் சேர்ந்து கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் இதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனவர்கள் கழைக்கூத்தாடிகளும் சர்க்கஸ்காரர்களும்தான். ராணுவம் ரொம்பத் தாமதமாக வந்தது, அதுவும் அரை மனதோடு.

லியனார்டோ டாவின்சி 1480களில் பிரமிடு வடிவத் துணிக்கூடாரம் ஒன்றை வரைந்தார். வரைந்ததோடு சரி, காகிதம் காகிதமாகவே கிடந்தது. நிஜமாகவே குதித்த ஆளைப் பற்றி அறியச் சயாமுக்குப் போகவேண்டும். பதினான்காம் லூயி மன்னரின் தூதராக 1687இல் அங்கே சென்ற சிமோன் த லா லூபேர், சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒரு வித்தைக்காரரைப் பற்றித் தன் நூலில் எழுதிவைத்தார். அந்த மனிதர் இரண்டு குடைகளை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பாராம். காற்று அவரைச் சில நாள் தரையிலும் சில நாள் மரத்திலும் கூரையிலும், சில நாள் ஆற்றிலும் கொண்டுபோய்ப் போடும். சயாம் மன்னருக்கு இதில் அத்தனை கொண்டாட்டம். பட்டம் கொடுத்து அரண்மனையிலேயே தங்கவைத்துக்கொண்டார். தூதர் அவருடைய பெயரை மட்டும் குறிக்காமல் விட்டுவிட்டார்.

அந்தக் குறிப்பைப் படித்துத்தான் லூயி செபாஸ்தியான் லெனோர்மான் என்ற பிரெஞ்சுக்காரர் 1783இல் காரியத்தில் இறங்கினார் என்பார்கள். முதலில் இரண்டு குடைகளுடன் ஒரு மரத்திலிருந்து குதித்தார். டிசம்பரில் மோன்பெலியே நகரத்து வானாய்வுக் கோபுரத்திலிருந்து பதினான்கடி அகலச் சட்டத்தோடு இறங்கிக் காட்டினார். தீப்பிடித்த கட்டடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தப்பிப்பதற்காக என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனால் தீயணைப்பை யாரும் காசு கொடுத்துப் பார்க்க வருவதில்லையே! காசு பார்த்தவர் ஆந்த்ரே ழாக் கார்னரன். ஹங்கேரியில் போர்க்கைதியாக இருந்தபோது கோட்டைச் சுவரிலிருந்து குதிப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர், விடுதலையான பிறகு 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் பலூனில் ஏறி, சுமார் 3000 அடி உயரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டார். பட்டுக் குடையின் உச்சியில் துளை இல்லாததால் உள்ளே சேர்ந்த காற்று வெளியேற வழியின்றி, ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி வந்து இறங்கினார். உச்சியில் துளை விடும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. 1799இல் அவர் மனைவி ழான் ழெனவியேவும் குதித்தார், பின்னாளில் அண்ணன் மகளும். மொத்தக் குடும்பத்துக்கும் இதே பிழைப்பாகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பாராசூட் திருவிழாச் சரக்காகவே சுற்றியது. 1889இல் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் கல்கத்தாவில் பலூன் வித்தை காட்ட, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ராமச்சந்திர சட்டர்ஜி என்ற வங்காள உடற்பயிற்சி வித்தகர் அவரிடமே தொழிலைக் கற்றுக்கொண்டு, 1890இல் தாமே குதித்தார். 1892இல் டாக்கா நவாபின் அழைப்பில் வந்த அமெரிக்கக் குழுவின் ஜானெட் வான் டாசலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காற்று இழுத்துப் போய்த் தோட்டத்து மரத்தில் மாட்டிவிட்டது. மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி இறக்கப் பார்த்தார்கள், கட்டு நெகிழ்ந்து விழுந்தார், சில நாளில் உயிர் பிரிந்தது. வானத்தில் பிழைத்தவர் மூங்கிலில் போனார் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. அவருடைய கல்லறை டாக்காவின் நாரிந்தாவில் இருக்கிறது.

விமானம் வந்ததும் கதை தீவிரமாகிறது. 1910இல் பீட்டர்ஸ்பர்க்கில் லெவ் மாட்சியேவிச் என்ற விமானி கூட்டத்தின் கண்ணெதிரே விழுந்து இறந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் க்ளெப் கொடெல்னிகோவ் என்ற நாடக நடிகர் ஒருவர். அடுத்த ஆண்டே முதுகில் மூட்டையாக மாட்டிக்கொள்ளும் பாராசூட்டைச் செய்துவிட்டார். ரஷ்ய ராணுவம் ஆர்வம் காட்டவில்லை. முதல் உலகப் போரில் பலூனில் உட்கார்ந்து வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் கிடைத்தது, பிரிட்டிஷ் விமானிகளுக்குக் கிடைக்கவில்லை. கனம் அதிகம், இடம் போதாது என்று காரணங்கள் சொன்னார்கள். பாராசூட் கையிலிருந்தால் விமானி சண்டையைப் பாதியில் விட்டுக் குதித்துவிடுவான் என்ற பேச்சும் உலவியது. எரியும் விமானத்தில் உட்கார்ந்தே செத்தவர்கள் எத்தனையோ பேர். ஜெர்மானியர்கள் 1918இல் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற விமானி எர்ன்ஸ்ட் உடெட் அந்த ஜூன் மாதமே அதனால் பிழைத்தார்.

அமெரிக்காவில் இதைச் சரிசெய்தவரும் முன்னாள் சர்க்கஸ்காரர்தான், பெயர் ஃப்ளாய்ட் ஸ்மித். அவர் மனைவி ஹில்டர், 1914இல் ஒரு காட்சியில் குதித்தபோது நூலிழையில் தப்பினார். விமானத்தோடு கட்டிய கயிற்றை நம்பாமல், குதித்தவரே இழுத்துத் திறக்கும் பாராசூட் வேண்டும் என்ற யோசனை ஸ்மித்துக்கு அப்போதுதான் வந்தது. விழும்போது மனிதனுக்கு நினைவு தப்பிவிடும், கயிற்றை எப்படி இழுப்பான் என்று விவரம் தெரிந்தவர்களே கேட்டார்கள். 1919 ஏப்ரல் 28 அன்று ஒஹாயோ மாநிலத்தின் மெக்குக் தளத்தில், ஸ்மித் விமானத்தை ஓட்ட, லெஸ்லி இர்வின் என்ற சினிமா சாகசக்காரர் குதித்து, இழுத்து, கணுக்காலை முறித்துக்கொண்டு பதில் சொன்னார். பெயரும் வியாபாரமும் குதித்தவருக்குப் போயின, யோசித்தவரை இன்று அதிகம் பேருக்குத் தெரியாது. 1922இல் அதே தளத்தின் ஹரால்ட் ஹாரிஸ், சிறகு ஒடிந்த விமானத்திலிருந்து குதித்து ஒரு வீட்டுத் திராட்சைப் பந்தலில் விழுந்து பிழைத்தார். அப்படிப் பிழைத்தவர்களுக்கென்றே ஒரு சங்கம் கிளம்பியது, இர்வின் அவர்களுக்குத் தங்கத்தில் சின்னஞ்சிறு பட்டுப்புழு செய்து கொடுத்தார். பட்டு நூல் தந்த பூச்சிக்கு மரியாதை. புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க் இந்தச் சங்கத்தில் நான்கு முறை தகுதி பெற்றவர்.

அந்தப் பட்டு பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தது. 1941இல் வர்த்தகம் நின்றுபோனது. எதிரியின் சரக்கை நம்பி விமானியை வானத்துக்கு அனுப்பவும் முடியாது. அப்போது அமெரிக்கப் பெண்கள் காலுறை வாங்கக் கடை வாசலில் வரிசை கட்டிய நைலான், ராணுவத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. 1942 ஜூனில் அடலின் க்ரே என்ற இளம்பெண் நைலான் பாராசூட்டில் முதன்முதலாகக் குதித்துக் காட்டினார்.

அந்த இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் நிலைமை வேறு. பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காவது படைக்கு அரிசியும் குண்டும் வானத்திலிருந்துதான் போடவேண்டும், பாராசூட் துணியோ கிடைக்கவில்லை. அவருடைய ஆட்கள் கல்கத்தா சணல் ஆலைக்காரர்களிடம் போனார்கள். சில வாரங்களில் சணல் பாராசூட் தயார்! மனிதரை இறக்க உதவாது, மூட்டையை இறக்கப் போதும், விலையும் மிகக் குறைவு. முறையான வழியில் கேட்டு வாங்கவில்லை என்று மேலிடத்திலிருந்து ஸ்லிம்முக்கு வசவு வந்ததுதான் மிச்சம். சாக்குத் துணி செய்கிறவர்களை விட முறையான வழி எது என்று அவர் பதில் எழுதினார்.

அதே வங்காளத்தில், கரக்பூரைச் சுற்றிய தளங்களிலிருந்து அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இமயமலையைத் தாண்டிச் சீனாவின் செங்டூவுக்குப் போய், அங்கே எரிபொருள் நிரப்பி ஜப்பானைத் தாக்கின. 1944 ஆகஸ்டில் ஒரு கூட்டம் திருகோணமலையின் சீனன்குடாவிலிருந்தும் கிளம்பி சுமத்ராவின் எண்ணெய் ஆலையைத் தாக்கியது. அதே மாதம் ஜப்பானின் யவாட்டா எஃகு ஆலையைத் தாக்கிவிட்டுத் திரும்பிய ஒரு பி-29இன் எஞ்சின் தீப்பிடித்தது. விமானி மேஜர் க்ளாட் ஹென்சிங்கர், பென்சில்வேனியாக்காரர். நள்ளிரவில் சீனாவின் மேலே குதிக்கச் சொல்லித் தன் ஆட்களை அனுப்பிவிட்டுத் தானும் குதித்தார். பாறைகள் மேல் விழுந்ததில் சிறு காயங்கள்தான். விடியும்வரை அந்த நைலானையே தலையணையாகவும் போர்வையாகவும் வைத்துக்கொண்டார். காலையில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், சீனக் கிராமத்தார் அடைக்கலம் கொடுத்தார்கள்.

சாதாரணமாக, பயன்படுத்திய பாராசூட்டைக் கிடங்கில் ஒப்படைக்கவேண்டும். ஹென்சிங்கர் அதை ஊருக்கு எடுத்து வந்துவிட்டார். 1947இல் ரூத் என்ற பெண்ணிடம் திருமணம் பேசியபோது, இது என் உயிரைக் காப்பாற்றியது, இதில் கல்யாண உடை தைத்துக்கொள் என்று துணியைக் கொடுத்தார். சாய்வெட்டாக வெட்டிய பட்டைகளைக் கொண்டு மணப்பெண் உடை தைப்பது எப்படி என்று ரூத் திகைத்திருக்கிறார். பிறகு 'கான் வித் த விண்ட்' படத்து உடையை மனதில் வைத்துப் பாவாடையைத் தானே தைத்தார். பாராசூட்டின் கயிறுகளை அப்படியே விட்டு இழுத்துக் கட்டியதில் முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தோகையாக நீண்டது. மேல்சட்டையையும் முக்காட்டையும் உள்ளூர்த் தையற்காரம்மா ஒருவர் முடித்துக் கொடுத்தார். அந்த ஜூலையில் நெஃப்ஸ் என்ற சிற்றூரின் லூத்தரன் தேவாலயத்தில் கல்யாணம்.

போர் முடிந்த ஆண்டுகளில் துணிப் பஞ்சம் நிலவிய இங்கிலாந்தில்கூட மிச்ச பாராசூட்டில் ரவிக்கையும் மண உடையும் தைத்தார்கள், அது சிக்கனம். ஹென்சிங்கர் கொடுத்ததற்குக் காரணம் வேறு. ஒரு குண்டுவீச்சு விமானியின் வாழ்வை அவர் அழித்த ஆலைகளின் கணக்கில் எழுதலாம், இன்னொரு கணக்கிலும் எழுதலாம். அவர் வீட்டில் அந்த உடையை மகள் தன் கல்யாணத்தில் உடுத்தினாள், மகனைக் கட்டிக்கொண்ட பெண்ணும் உடுத்தினாள். மூன்று கல்யாணம் கண்ட பிறகுதான் குடும்பத்தார் அதை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.