பன்னிரண்டு மரையா, பதின்மூன்று மரையா?

1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் காலையில் பற்றிய தீ கடைத்தெருக்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு போனது. உதவி கேட்டு வெளியூர்களுக்குத் தந்தி பறந்தது. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு வண்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். பிலடெல்பியா, நியூயார்க் வீரர்களும் வந்து சேர்ந்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் இருந்தது, வந்தவர்கள் கையில் ஹோஸும் இருந்தது. ஆனால் ஹோஸின் முனை குழாயின் மரையில் ஏற மறுத்தது. ஒவ்வொரு ஊரும் தன் குழாய்க்கென்று ஒரு விட்டமும் ஒரு மரையும் வைத்திருந்தது. சுமார் 30 மணி நேரம் எரிந்த தீயில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பின்னர் ஆராய்ந்தபோது, நாடு முழுக்க 600க்கும் அதிகமான வகை ஹோஸ் இணைப்புகள் புழக்கத்தில் இருப்பது தெரிந்தது.

பார்வைக்கு அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுபோலத்தான் இருக்கும். கழற்றிய உதிரிபாகத்தைப் படம் பிடித்தால் அது என்னவென்று சொல்லிவிடும் இன்றைய மென்பொருளும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறது.

இந்தச் சிக்கலின் வேர் பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போல்ட்டும் நட்டும் பிரிக்க முடியாத ஜோடிகள். ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. இயந்திரத்தைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர் எந்த நட் எந்த போல்ட்டிலிருந்து வந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று தொலைந்தால் மற்றதும் வீண். மான்செஸ்டரில் பட்டறை நடத்திய ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி கண்டார். 1841இல் அவர் முன்வைத்த அளவுமுறை எளிமையானது. மரையின் கோணம் எப்போதும் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்துக்கும் ஓர் அங்குலத்தில் இத்தனை மரை என்று நிலையான எண்ணிக்கை. அரை அங்குல போல்ட் என்றால் 12.

அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வேறு முறையைக் கொண்டுவந்தார். 55 பாகையை வெட்டுவதும் சரிபார்ப்பதும் கடினம், 60 பாகை சாதாரணப் பட்டறைக்கும் கைவரும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதம் விட்டுச்சென்ற சங்கடம் இன்னும் தீரவில்லை. கால் அங்குல போல்ட்டுக்கு இரண்டு முறையிலும் 20 மரைதான். எட்டில் மூன்று பங்கு அங்குலத்துக்கும் இரண்டிலும் 16தான். ஆனால் அரை அங்குலத்தில் விட்வொர்த்துக்கு 12, செல்லர்ஸுக்கு 13. மரைக்கு மரை உள்ள இடைவெளியில் வித்தியாசம் 0.16 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் போல்ட்டில் அமெரிக்க நட்டை மாட்டினால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். துரு பிடித்திருக்கிறது என்று நினைத்து ஸ்பானரைப் போட்டு இழுத்தால் இரண்டின் மரையும் போய்விடும். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் பட்டறைகள் இந்தப் பொருத்தமின்மையால் பட்ட பாடுதான் 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றையும் ஒரே மரை அளவுக்குக் கொண்டுவந்தது.

அந்த அங்குலம் தமிழ்நாட்டுப் பட்டறைகளின் பேச்சிலும் தங்கிவிட்டது. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ‘நூல்’ என்கிறார்கள். அரை அங்குல போல்ட் ‘நாலு நூல் போல்ட்’. மில்லிமீட்டர் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் ஹார்டுவேர் கடை மேசையில் இரண்டு கணக்கும் அருகருகே புழங்குகின்றன.

அளவுகள் ஒழுங்கான பிறகு எண்கள் வந்தன. 6204 என்று பொறித்த பேரிங்கின் கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வந்துவிடும். அதே கணக்கை 6203இல் போட்டால் தவறாகும், அதன் உள்விட்டம் 17. இந்த விதிவிலக்கைப் பழகிய மெக்கானிக் மனப்பாடமாக வைத்திருப்பார். போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால் அதன் இழுவிசைத் தாங்குதிறன் 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். ஒரு விரல் அகலத்தில் இவ்வளவு சேதியை அடக்கியவர்களின் கெட்டிக்காரத்தனம் வியக்க வைக்கிறது. ஆனால் பழுது பார்க்கும் இடத்தில் அந்த எழுத்தின்மேல் கிரீஸும் பெயின்ட்டும் துருவும் ஏறியிருக்கும். எண் அழிந்த பாகத்தைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு கடை கடையாக ஏற வேண்டும், இல்லையென்றால் போனில் வாயால் வர்ணிக்க வேண்டும்.

இதற்குக் கணினியின் கண்ணைத் துணைக்கழைப்பது எளிதாக இருக்கவில்லை. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சீமோர் பாப்பர்ட் முன்வைத்த ஒரு திட்டம், ஒரு கோடை விடுமுறைக்குள் கணினிப் பார்வையின் பெரும்பகுதியைக் கட்டியெழுப்பிவிடலாம் என்று நம்பியது. அந்த நம்பிக்கைக்கும் நடைமுறைக்கும் இடையில் ஒரு தலைமுறைக்கும் மேலான காலம் கிடந்தது. 2012இல், படத்திலுள்ள பொருளைக் கணினி அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் ஆழ்நரம்பு வலையமைப்பு ஒன்று பிழை விகிதத்தைச் சுமார் 26 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறக்கியபோதுதான் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் போட்டியின் 1,000 வகைகளில் நாய் இனங்கள் மட்டும் 120. திருகாணிக்கு ஒரே ஒரு வகை. உலகத்திலுள்ள அத்தனை திருகும் அதற்குள் அடக்கம். கணினிக்கு யார் எதைக் காட்டி வளர்த்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

அந்தக் குறையைத் தொட்டவர்களில் ஒருவர் ஜூவல் பர்க்ஸ். தொழிற்சாலை உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வேண்டிய பாகத்தை வார்த்தையில் விளக்க வாடிக்கையாளர்கள் படும் அவஸ்தையை அருகிலிருந்து கண்டவர். 2013இல் அட்லான்டாவில் பார்ட்பிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2016இல் அமேசான் அதை வாங்கியது. 2018இல் அமேசான் செயலியில் பாகம் தேடும் வசதி வந்தது. வெள்ளைப் பரப்பில் திருகை வை, பக்கத்தில் ஓர் அமெரிக்கப் பென்னி நாணயத்தை வை, படம் எடு என்றது.

அந்த நாணயம்தான் இதில் சூட்சுமம். படத்தில் சிறிய போல்ட்டும் பெரிய போல்ட்டும் ஒரே உருவம். அளவு தெரிந்த ஒரு பொருள் கூட இருந்தால்தான் மற்றதை அளக்க முடியும். பென்னியின் விட்டம் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். நம் பட்டறைக் கணக்கில் சரியாக ஆறு நூல்.

தலையின் வடிவம், நீளம், விட்டம் இவற்றைக் கேமரா பிடித்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான பாகங்களுக்குப் படம் எடுத்து மாளாது என்பதால், வடிவமைப்புக் கோப்புகளிலிருந்தே செயற்கைப் படங்களை உண்டாக்கி வலையமைப்பைப் பழக்கும் வழியும் உண்டு. ஆனால் தலையில் பொறித்தது அழிந்துபோனால் 8.8க்கும் 10.9க்கும் உள்ள வேறுபாட்டைப் படத்திலிருந்து சொல்ல வழியில்லை. வலு உலோகத்துக்குள் இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட கருவி ஒற்றை விடையை அடித்துச் சொல்வதைவிட, இரண்டு மூன்று பெயர்களை முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே பழுது பார்ப்பவருக்குச் செய்யும் மரியாதை.

பழைய பம்ப் ஒன்றின் அரை அங்குல போல்ட்டுக்கு அது 12, 13 இரண்டையும் காட்டும்போது, அவர் சட்டைப்பையிலிருந்து மரை அளக்கும் பிட்ச் கேஜை எடுப்பார். 12 என்று பொறித்த இதழை மரைமேல் பதித்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். பற்களுக்கு இடையே வெளிச்சம் கசிந்தால் அடுத்த இதழை விரிப்பார்.