சித்திரைப் பந்தலில் யார் பாடலாம்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நம் தெரு சித்திரை இசை விழாவை இந்த வருஷம் பள்ளிக்கூடத் திடலிலிருந்து ஏசி கல்யாண மண்டபத்துக்கு மாற்றலாமா என்று விழாக் குழுவில் பேச்சு நடக்கிறது. குழுவில் பாதிப் பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள், அந்த உரிமையில் எழுதுகிறேன். மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகையாம். அதனால் கச்சேரிக்கு முன்னால் நம் பள்ளிப் பிள்ளைகள் பாடும் அரை மணி நேரத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. இடம் மாறுவதுகூடப் பரவாயில்லை, இந்த யோசனைதான் என்னைத் தூங்கவிடவில்லை. இப்படிப்பட்ட விழாக்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மார்கழிக் கச்சேரிகளின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியது.

கோடை விழாவின் வேர் பஜனை மடத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்ச் சீமையில் போதேந்திராள், ஸ்ரீதர ஐயாவாள், அவர்களுக்குப் பின் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வளர்த்த நாம சங்கீர்த்தன மரபு அது. ராமநவமிக்கு முந்தைய நாட்களில் கொண்டாடினால் கர்ப்போற்சவம், நவமியிலிருந்து தொடங்கினால் ஜனனோற்சவம். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்ட பானகம், நீர்மோர், பனையோலை விசிறி எல்லாம் வெயில் காலத்துக்கென்றே அமைந்தவை. பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். சும்மா கேட்டுக்கொண்டிருப்பவர் என்று தனியாக யாரும் கிடையாது. இதை நினைவில் வையுங்கள்.

இந்த ராமநவமி உற்சவம் நகரத்தில் பெரிய கச்சேரி விழாவாக வளர்ந்ததற்கு நல்ல உதாரணம் பெங்களூர். 1939-இல் சாமராஜப்பேட்டையில் எஸ்.வி. நாராயணசாமி ராவ் ஸ்ரீராம சேவா மண்டலியைத் தொடங்கினார். அந்த விழா புகழ்பெற்ற இடம் எது தெரியுமா? கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடல்! பந்தல் போட்டு ஒரு மாதத்துக்கும் மேலாகக் கச்சேரிகள் நடக்கும். செம்பையும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் அங்கே பாடியிருக்கிறார்கள். இந்துஸ்தானிக் கலைஞர்களும் வருவார்கள். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் காலியாக இருக்கும், திடலும் காலியாக இருக்கும். ஊர் கூடிப் பாட்டுக் கேட்க வேறென்ன வேண்டும்? வாத்தியாரம்மா என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

திறந்த வெளியில் பெரிய கூட்டத்துக்கு வாய்ப்பாட்டுக் கச்சேரி வைக்க இன்னும் இரண்டு மாற்றங்கள் உதவின. ஒன்று மைக். அது வருவதற்கு முன்பு பாடகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று உச்ச சுருதியில் பாட வேண்டியிருந்தது. கிட்டப்பா நாடக மேடையில் ஐந்து கட்டையில் பாடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மைக் வந்ததும் தணிந்த குரலும் மேடை ஏறியது. இன்னொன்று அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை. மணிக்கணக்காக நீண்ட கச்சேரி, வர்ணத்தில் தொடங்கிப் பல உருப்படிகளோடு மூன்று மணி நேரத்துக்குள் அடங்கியது. மறுநாள் காலை வேலைக்குப் போகிறவனும் கடைசிவரை உட்கார முடிந்தது.

இனி, யார் பாடலாம் என்ற விஷயம். திருவையாற்று ஆராதனை தை மாதத்தில் வருவது, நம் கோடை விழாவோடு சேராது. ஆனாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு கோஷ்டிகள் இருந்தன. இரண்டுக்கும் எதிலும் ஒத்துப்போகாது, பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை! பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தையெல்லாம் செலவழித்து 1920களில் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பினார். தான் கட்டிய கோயிலில் தானே பாட முடியாத நிலை. அவர் சும்மா இருக்கவில்லை, பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டித்தான் எல்லோரும் ஒன்றானார்கள். இன்று அவருடைய சமாதியும் அங்கேதான், தியாகராஜர் சன்னதியைப் பார்த்தபடி இருக்கிறது.

நம் பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள் என்று புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) எழுதிய ராம நாடகக் கீர்த்தனைகள். ராமாயணம் முழுவதையும் தமிழில் பாட்டாகவே சொன்னவர். சட்டநாதபுரத்தைச் சேர்ந்த அவருடைய சீடர்கள் இருவர் அவற்றுக்கு மெட்டமைத்தார்கள். வசனம் பேசுவது போன்ற தமிழ், அதனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அர்த்தம் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. பாடுகிற பதினைந்து பிள்ளைகளில் ஒருவர் வீட்டில்கூட தம்புரா கிடையாது. பாட்டு வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர்களும் இல்லை. பூக்கட்டும் அம்மாக்களும் ஆட்டோ ஓட்டும் அப்பாக்களும் திடலின் வேலியோரம் நின்று கேட்பார்கள். மண்டப வாசலில் செக்யூரிட்டி நின்றால் அவர்கள் உள்ளே வரத் தயங்குவார்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

வெயில் பிரச்சினை உண்மைதான். வயசானவர்கள் போன வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். மிருதங்கக்காரரும் தொப்பியில் பூசிய ரவை சீக்கிரம் காய்ந்துபோகிறது என்று நடுநடுவே தண்ணீர் தொட்டுத் தடவ வேண்டியிருந்தது. அதற்கு வழி இருக்கிறது. தகரத்துக்குப் பதிலாகத் தென்னங்கீற்றுப் பந்தல் போடலாம். மத்தியானமே தரையில் தண்ணீர் தெளித்துவிடலாம். ஆறு மணிக்குப் பிள்ளைகள், ஆறரைக்குக் கச்சேரி, ஒன்பதுக்கு மங்களம். பெரியவர்களுக்கு வகுப்பறைத் தாழ்வாரத்தில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. கோடை மழை வந்தால் எல்லோருமே தாழ்வாரத்துக்கு ஓடலாம், முன்பும் ஓடியிருக்கிறோம்.

கீற்றுக்கும் மைக் செட்டுக்கும் ஆகும் செலவில் என் ஒரு மாதப் பென்ஷன் சேரட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முடிந்ததைக் குழுப் பொருளாளரிடம் அனுப்புங்கள், என்னிடம் வேண்டாம், எனக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்று உங்களுக்கே தெரியும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பள்ளித் தாழ்வாரத்தில் குழுக் கூட்டம். உள்ளூரில் இருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். பிள்ளைகளுக்கு ஒத்திகையும் அன்றைக்கே நாலு மணிக்கு வைத்திருக்கிறேன். கொஞ்சம் முன்னதாக வந்தால் கேட்கலாம்.