மட்டாஞ்சேரிக் கடிகாரமும் கொடுங்ஙல்லூரின் ஈற்றெழுத்தும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் முடிவில், 1568-இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியை ஒட்டி, ஒரு கடிகாரக் கோபுரம் நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் எசெக்கியேல் ரஹாபி என்னும் யூத வணிகர் எழுப்பியது அது. அதன் எண்கள் ஒரே வரிவடிவில் அமைந்தவை அல்ல; ஹீப்ரு, உரோமன், மலையாளம் என முகத்துக்கு முகம் மாறுகின்றன. உள்ளிருக்கும் பொறி ஒன்றே. எந்த முகமும் இன்னொரு முகத்தின் வழியாக மணியைக் காட்டவில்லை. ஒவ்வொன்றும் பொறியோடு நேரடியாக இணைந்துள்ளது.

இணைய முகவரிகளின் வரலாறு இவ்வாறு அமையவில்லை. இணையத்திலும் அடியில் இருப்பது எண்தான். 32 இருமக்கூறுகளாலான பழைய முகவரி முறை ஏறத்தாழ 430 கோடி எண்களைத் தரும். அது போதாமையால் 128 இருமக்கூறுகளாலான முறை பின்னர் வந்தது. எண்களை மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் பெயர்கள் தேவைப்பட்டன. தொடக்கத்தில், கணினிகளின் பெயரையும் எண்ணையும் இணைத்த ஒரே பட்டியலைக் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனம் பேணியது. வலையமைப்பில் இருந்தோர் அனைவரும் அதைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகியபோது பட்டியல் தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் முன்வைத்த களப்பெயர் முறைமை, பட்டியலைக் கலைத்துப் பொறுப்பைப் பங்கிட்டது. இதன்படி, பெயர் வலமிருந்து இடமாகப் படிக்கப்படும். வேர் வழங்கிக்கு 'இன்' என்னும் இந்தியப் பின்னொட்டுக்கு யார் பொறுப்பு என்பது மட்டுமே தெரியும். அந்தப் பொறுப்பாளருக்கு அதன்கீழ் உள்ள பெயர்களுக்கு யார் பொறுப்பு என்பது தெரியும். முழுவதையும் அறிந்தவர் எவருமில்லை. பழைய அரசுகளின் நில ஆவண நிர்வாகத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று.

ஆயினும், பெயரில் இடம்பெறத்தக்கவை 26 ஆங்கில எழுத்துகளும் பத்து இலக்கங்களும் ஓர் இணைப்புக்கோடும் மட்டுமே என்னும் மரபு பழைய பட்டியலிலிருந்து அப்படியே தொடர்ந்தது. பிற மொழியினர் இதனை எதிர்கொண்டபோது, 1990-களின் இறுதியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தான் டின் வீ குழுவினர் நடத்திய பன்மொழிக் களப்பெயர்ச் சோதனைகளில் தமிழும் இடம்பெற்றிருந்தது. 2003-இல் வரையறுக்கப்பட்ட தீர்வு ஓர் ஒட்டுவேலை. பயனர் தமிழில் எழுதலாம். உலாவி அதை 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு இணைப்புக்கோடுகளுடன் நீளும் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றும். பொறி அச்சரத்தையே அறியும். மட்டாஞ்சேரிக் கோபுரத்தில் மலையாள முகம் உரோமன் முகத்தைப் பார்த்து மணி சொல்வதற்கு ஒப்பானது இது.

'மட்டாஞ்சேரி' என்ற பெயரையே சோதித்துப் பார்க்கலாம். தமிழில் ஆறு எழுத்துகள். கணினிக்கு, புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ண, பதினொரு குறிகள். மலையாளத்திலும் இப்பெயர் இடையூறின்றி முகவரியாகிவிடும். 'கொச்சி'யும் அவ்வாறே. சிக்கல் எழுவது வடக்கே, கொச்சி யூதர் தம் தொல்லிடமாகப் போற்றிய கொடுங்ஙல்லூரில்.

மலையாளத்தில் சொல்லீற்று மெய்யை எழுத இரு வழிகள் உண்டு. 'ர'கரத்தின்மேல் சந்திரக்கலையை இட்டால், ஈற்றில் அது பெரும்பாலும் குற்றியலுகரமாக ஒலிக்கும். தூய மெய்யை எழுதச் 'சில்லு' எனப்படும் தனி வடிவம் உண்டு. வேறுபாடு அழகியல் சார்ந்ததன்று. சில்லு 'ன்' இட்டால் 'அவன்'. சந்திரக்கலை இட்டால் 'அவனுக்கு' என்னும் பொருள். முதல் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் அந்த ஒற்றைக் குறியில் பிரிகின்றன. யுனிகோடு தொடக்கத்தில் சில்லுவுக்குத் தனி இடம் தரவில்லை; மெய், சந்திரக்கலை, அதன்பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என்னும் மூன்றின் தொடராக அதை வைத்தது. 2003-இன் களப்பெயர் விதிகளோ, கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஏமாற்றுக்கு இடந்தரும் என்று கருதி, அவற்றை நீக்கிவிட ஆணையிட்டன. விளைவு: கொடுங்ஙல்லூர், திருச்சூர், கண்ணூர் என 'ஊர்' என்று முடியும் எந்த ஊரும் தன் பெயரைத் தானே சரியாக எழுத முடியாத நிலை. 'ஊர்' குற்றியலுகர ஈறு பெற்றுத் திரிந்தது. தமிழில் 'சிங்கப்பூர்' என்பதற்கு இத்தொல்லை இல்லை. நம் புள்ளி கண்ணுக்குத் தெரியும் குறி. 2011 அளவில் அப்பெயர் தமிழிலேயே ஒரு நாட்டின் இணையப் பின்னொட்டும் ஆயிற்று. ஈற்றில் ஒரே ஒலி. எழுத்தைக் குறியாக்கிய முறை வேறுபட்டதால் ஒன்று கடந்தது, மற்றது தடுக்கப்பட்டது.

இதனிடையே சில்லுகளுக்குத் தனிக் குறியீடு வேண்டுமா என்பது கேரளத்தில் சூடான விவாதமாயிற்று. சில்லு என்பது உயிர் நீங்கிய அதே மெய்தான், தனி எழுத்தன்று என்பது ஒரு தரப்பு. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் போன்ற ஆர்வலர் குழுவினர், ஒரே சொல்லுக்கு இரண்டு எழுத்துத்தொடர்கள் உருவாகும், போலி முகவரிகளுக்கு வழி பிறக்கும் என்றும் எச்சரித்தனர். பொருள் மாறும் இடத்தில் குறியும் மாறத்தான் வேண்டும் என்பது எதிர்த்தரப்பு. இலக்கண வழக்காகத் தோன்றும் இதில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. முடிவு மட்டும் கேரளத்துக்கு வெளியே எடுக்கப்பட்டது. 2008 ஏப்ரலில் வந்த யுனிகோடு 5.1 ஆறு சில்லுகளுக்குத் தனி இடம் அளித்தது. 2010-இல் திருத்தப்பட்ட களப்பெயர் விதிகள், சந்திரக்கலையை அடுத்து வரும் இணைப்புக்குறியையும் ஏற்றன. ஆக, ஒரு வழியும் இல்லாதிருந்த இடத்தில் இரு வழிகள் திறந்தன.

ஆனால் நாட்டுப் பின்னொட்டு மலையாளத்தில் உடனே கிடைக்கவில்லை. 2011-இல் இந்தியாவுக்கு ஒப்புதல் பெற்ற ஏழு பின்னொட்டுகள் இந்தி, வங்காளம், பஞ்சாபி, உருது, தமிழ், தெலுங்கு, குஜராத்தி மொழிகளுக்கானவை. தமிழில் அது 'இந்தியா'. மலையாள எழுத்திலான 'பாரதம்' பின்னரே வந்தது. கடலடிக் கம்பிவடங்கள் கொச்சியில் கரையேறியது அதற்கு வெகுமுன்பு என்பது இங்கே நினைக்கத்தக்கது. தென்கிழக்கு ஆசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்த சீ-மீ-வீ 3, தென்னாப்பிரிக்காவிலிருந்து மலேசியா வரை நீளும் சேஃப் ஆகிய இரண்டும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்துறைமுக நகரைத் தொட்டுவிட்டன. எண்கள் வந்து சேர்ந்த கரையில் பெயர்கள் காத்திருந்தன.

2008-க்குமுன் மலையாளத்தில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளில் சில்லுகள் பழைய மூன்று குறித் தொடராகவே கிடக்கின்றன; பல விசைப்பலகைகள் அதன்பிறகும் நெடுநாள் அவ்வாறே உள்ளிட்டன. திரையில் பழைய 'கொடுங்ஙல்லூர்', புதிய 'கொடுங்ஙல்லூர்' இரண்டும் ஒன்றே. யுனிகோடு அவற்றைச் சமமானவையாக அறிவிக்கவில்லை. ஆகவே களப்பெயர் முறைமைக்கு அவை இரு வேறு பெயர்கள். பதிவாளர் ஒன்றை வழங்கும்போது மற்றொன்றைத் தடுத்து வைக்காவிட்டால், பழைய விசைப்பலகையில் தன் ஊர்ப்பெயரைப் பிழையின்றி உள்ளிடுபவர் இன்னொருவரின் வாசலில் போய் நிற்பார்.