பைக்கடிகாரங்களின் புறத்தோற்றச் சீரமைப்பு

பைக்கடிகாரங்களின் புறத்தோற்றச் சீரமைப்பு என்பது, குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பழைய பைக்கடிகாரங்களின் உறை, முகத்தட்டு, முட்கள், கண்ணாடி, சங்கிலி ஆகியவற்றைத் தூய்மைப்படுத்திக் காட்சிக்கு உரிய நிலைக்குக் கொண்டுவரும் பணி ஆகும். கடிகாரத்தை மீண்டும் ஓடவைக்கும் பொறிச் சீரமைப்பு இதிலிருந்து வேறானது. அழுக்கையும் அரிப்பையும் நீக்குவதே இதன் நோக்கம். பழமையின் அடையாளங்களை நீக்குவது அன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மெருகூட்டினால் கடிகாரத்தின் வரலாற்றுச் சான்றுகள் மீட்க முடியாதபடி அழிந்துவிடும்.

பின்னணி

சுருள்வில்லால் இயங்கும் சிறு கடிகாரங்கள் ஐரோப்பாவில் 16 ஆம் நூற்றாண்டில் தோன்றின. அவற்றின் வழிவந்த பைக்கடிகாரம், முதல் உலகப் போருக்குப் (1914-1918) பின்னர் கைக்கடிகாரம் பரவியதால் வழக்கிழக்கத் தொடங்கியது. இந்தியாவுக்கு இவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்தன. சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) இயங்கிய பி. ஓர் அண்டு சன்ஸ் போன்ற விற்பனையாளர்களின் பெயர் முகத்தட்டில் எழுதப்பட்டிருப்பதும் உண்டு.

அழிக்கக் கூடாத அடையாளங்கள்

* தர முத்திரைகள்: ஆங்கிலேய வெள்ளி உறைகளில் சிங்கமும், சோதனை நகரின் குறியும் இருக்கும், நங்கூரம் பர்மிங்காமைக் குறிக்கும். சுவிட்சர்லாந்து வெள்ளி உறைகளில் கரடி (0.875 தூய்மை) அல்லது காட்டுக்கோழி (0.800 தூய்மை) காணப்படும்.
* உறையின் வரிசை எண், உரிமையாளரின் பெயரெழுத்துகள்.
* பின்மூடியின் உட்புறத்தில் பழுதுபார்த்தவர்கள் ஊசியால் கீறிய எண்களும் தேதிகளும். இவற்றைக் கீறல் எனக் கருதித் தேய்த்துவிடுவோர் உளர்.

தூய்மைப்படுத்தல்

பணியைத் தொடங்குமுன் எல்லாப் பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுதல் முறையாகும். இயக்கப் பொறியையும் முகத்தட்டையும் உறையிலிருந்து பிரிக்கும் பணியைக் கடிகாரத் தொழிலாளரிடம் விட வேண்டும்.

உறை: வெள்ளியின் மீது படியும் கருமை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் வெள்ளி சல்பைடு ஆகும். தமிழ்நாட்டு வீடுகளில் வெள்ளியைத் திருநீற்றாலும், பித்தளையைப் புளியாலும் துலக்குவது வழக்கம். பூசைப் பாத்திரங்களுக்குப் பொருந்தும் இம்முறைகள் கடிகாரத்துக்குப் பொருந்தா. திருநீறு நுண்ணிய தேய்ப்புப் பொருளாதலால் ஒவ்வொரு முறையும் சிறிதளவு வெள்ளியை அகற்றுகின்றது. ஆண்டுகள் செல்ல முத்திரைகள் மழுங்கிவிடும். புளியின் அமிலம் இடுக்குகளில் தங்கி உலோகத்தை அரிக்கும். உலர்ந்த மென்மையான பருத்தித் துணியால் துடைப்பதே முதற்படி. செதுக்கு வேலைப்பாட்டின் பள்ளங்களில் உள்ள கருமை வடிவத்தை எடுத்துக்காட்டுவதால் அதனை விட்டுவைப்பது நல்லது. தங்க முலாம் பூசிய உறைகளை மெருகேற்றினால் முலாம் நீங்கி அடி உலோகம் வெளித்தெரியும்.

முகத்தட்டு: செப்புத் தகட்டின் மீது எனாமலைச் சுட்டுச் செய்யப்பட்ட வெண்ணிற முகத்தட்டு நிறம் மங்குவதில்லை. விரிசல் இல்லாவிடில், சற்றே ஈரமாக்கிய துணியால் அதைத் துடைக்கலாம். எழுத்துகள் எனாமலில் சுடப்பட்டவையா என்பதை முன்னரே உறுதிசெய்ய வேண்டும். வெள்ளி பூசியவையும் தாள் அல்லது வண்ணம் கொண்டவையும் நீர் படக் கூடாதவை. புதிதாக எழுத்து எழுதுவித்தால் பழைய எழுத்து நிலையாக மறையும்.

முட்கள்: எஃகு முட்களின் நீல நிறம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் சூடாக்குவதால் தோன்றும் மெல்லிய ஆக்சைடு படலம். உப்புத்தாள் அதனை நீக்கிவிடும்.

கண்ணாடி: 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில கடிகாரங்களுக்குச் செல்லுலாய்டு மூடி இடப்பட்டது. அது சிதையும்போது வெளிவரும் அமில ஆவி முட்களைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. மஞ்சளித்த மூடியை மாற்றிப் பழையதைத் தனியே வைக்கலாம்.

எச்சரிக்கை: இருளில் ஒளிரும் பூச்சுடைய பழைய முகத்தட்டுகளில் ரேடியம் இருக்கலாம். ஒளிர்வு நின்ற பின்னும் கதிரியக்கம் நீடிக்கும். ரேடியம்-226 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். இவற்றைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

வறண்ட நிலத்தில் பேணுதல்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பிய வறண்ட நிலம் ஆகும். காற்றில் ஈரம் குறைந்த மாதங்களில் துரு மெதுவாகவே பரவும். ஆனால் கரிசல் மண்ணின் நுண்ணிய தூசி உறையின் இடுக்குகள் வழியே உட்புகும். தூசி படிந்த உறையை அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். ஆகவே முதலில் மென்தூரிகையால் தூசியைத் தட்டிவிட வேண்டும். வெப்பத்தில் பொறியின் எண்ணெய் உலர்ந்து பிசினாகும். இந்நிலையில் ஓடச் செய்தால் அச்சுகள் தேயும். காட்சிக்கு மட்டும் வைப்பதாயின் சாவி கொடுக்காமல் விடுவது நலம். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் சிலிக்கா செல் பொட்டலம் ஒன்றை உடன் வைக்கலாம்.

சுற்றிவைப்பதற்கு, நெசவூரான அருப்புக்கோட்டையில் எளிதில் கிடைக்கும் சாயமிடாத பருத்தித் துணியே போதுமானது. அதனைத் துவைத்துக் கஞ்சியை முற்றிலும் நீக்க வேண்டும். கஞ்சி பூச்சிகளை ஈர்க்கும். கம்பளித் துணியும் இரப்பர் வளையமும் கந்தகம் கொண்டவை. வெள்ளியைக் கருக்கச் செய்யும்.

காட்சிப்படுத்தல்

கண்ணாடிக் குடுவைக்குள் சிறு தாங்கியில் தொங்கவிடுதல் பரவலான முறை. நேரடி வெயிலும், புதிதாக வார்னிசு பூசிய மரப்பெட்டியும் தவிர்க்கப்பட வேண்டியவை. யார் வாங்கியது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை எழுதி உடன் வைப்பது முக்கியமானது. அக்குறிப்பு இல்லாத கடிகாரம் ஒரு தலைமுறைக்குப் பின் பெயரற்ற பொருளாகிவிடும்.

மகாத்மா காந்தியின் சுவிட்சர்லாந்துப் பைக்கடிகாரம் ஒன்று, 2020 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், பழுதடைந்த நிலையிலேயே 12,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அதன் மதிப்பு பளபளப்பில் அன்றி, 1944 இல் அதை அவர் ஒருவருக்கு அளித்த வரலாற்றில் இருந்தது. 1959 இல் தொடங்கப்பட்ட மதுரை காந்தி அருங்காட்சியகத்தில், சுடப்பட்டபோது அவர் அணிந்திருந்த துணி குருதிக் கறையுடனேயே வைக்கப்பட்டுள்ளது. கறையை நீக்கியிருந்தால் அது சான்றாக இராது.

சட்ட நிலை

இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத வரலாற்றுச் சிறப்புடைய பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. இத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.