பள்ளிகளை எடையிட்ட தராசு

பள்ளிகளுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தேர்வைக் கொண்டு தீர்மானிக்கும் வழக்கம் பழமையானது. 1862ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில், மாணவர் பெறும் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் அளிக்கும் விதி வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றுமே மானியத்திற்குரிய முதன்மைப் பாடங்கள். ஆகவே ஆசிரியர் அவற்றையே கட்டிக்கொண்டு அழுதனர். ஏனைய கல்வி நலிந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அம்முறை கைவிடப்பட்டது. அதே பாடத்தைச் சிங்கப்பூர் பின்னொரு காலத்தில் தன் பட்டறிவால் கற்க நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கையில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நால்வகைப் பள்ளிகள் தத்தம் வழியே நடந்துவந்தன. அவற்றைச் சமமாக நடத்தவேண்டும் என்று 1956இல் அனைத்துக் கட்சிக் குழு பரிந்துரைத்தது. 1960இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நான்கு மொழிகளிலும் தொடங்கியது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளையையும் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளையையும் ஒரே அளவுகோல் கொண்டு அளக்கும் காலம் பிறந்தது.

அளவுகோல் ஒன்றாயிற்று, அளக்கப்பட்டோர் நின்ற தளம் ஒன்றாயிருந்ததா? தஞ்சோங் பகார் வட்டாரத்தில், கடையநல்லூரிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் 1946இல் ஒரு தமிழ்ப் பள்ளி கண்டனர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி, 1960இல் உயர்நிலை வகுப்புகளையும் தொடங்கித் தீவின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளியாக விளங்கியது. ஆயின், வேலைவாய்ப்பு ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது. பெற்றோரும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினர். மாணவர் தொகை தேய்ந்து, 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. அது ஆற்றிய தொண்டை வெறும் தேர்ச்சி விழுக்காட்டால் எடையிட முடியுமா? முடியாது என்பதே நேர்மையான விடை.

நிற்க, 1992இல் கல்வி அமைச்சு உயர்நிலைப்பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடத் தொடங்கியது. செய்தித்தாள்கள் அதை ஏந்திவந்தன. சாதாரண நிலைத் தேர்வின் முடிவே முதல் அளவை. மாணவர் பள்ளியில் சேரும்போது பெற்றிருந்த மதிப்பெண்ணோடு முடிவை ஒப்பிட்டு, பள்ளி கூட்டித் தந்த மதிப்பைக் காண்பது மற்றோர் அளவை. உடலுறுதித் தேர்வும், உடற்பருமன் உள்ள மாணவரின் விகிதமுங்கூடக் கணக்கில் சேர்ந்தன!

இவற்றுள் நியாயத்திற்கு நெருங்கி வந்தது இரண்டாம் அளவையே. சிறந்த மாணவரைத் தேர்ந்து சேர்க்கும் பள்ளி முதலிடம் பெறுவதில் வியப்பென்ன? நலிந்தவரைச் சேர்த்து நடுநிலைக்கு உயர்த்தும் பள்ளியன்றோ பெருந்தொண்டு புரிவது! ஆயினும் மக்கள் கண் முதல் பட்டியலிலேயே நிலைத்தது. மதிப்பெண் பெறுவது கடினம் என்று கருதப்பட்ட ஆங்கில இலக்கியத்தைப் பயில்வோர் தொகை குறைந்தது. அதற்குத் தரவரிசைப் போட்டியும் ஒரு காரணம் எனக் கல்வியாளர் கூறினர். இங்கிலாந்தின் பழைய கதை இங்கும் அரங்கேறிற்று.

2004இல் தனித்தனி இடங்களை விடுத்து, ஒத்த தேர்ச்சியுடைய பள்ளிகளை ஒரே தொகுதியில் வைக்கும் முறை வந்தது. 2012இல் அதுவும் நீக்கப்பட்டது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றோர் பெயரை அறிவிக்கும் வழக்கமும் அவ்வாண்டே நின்றது. சக மாணவரோடு ஒப்பிட்டு மதிப்பெண் கணக்கிடும் முறை 2021இல் ஒழிந்து, எட்டு அடைவுநிலைகள் அதன் இடத்தைப் பெற்றன.

ஒப்பீடே தீது என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. இந்திய மாணவர் கல்வியில், சிறப்பாகக் கணிதத்தில், பின்தங்கியிருந்ததை எண்கள் காட்டியதாலன்றோ 1991இல் சிண்டா அமைப்பு தோன்றியது! எங்கே உதவி வேண்டும் என்று காட்டும் எண் விளக்குப் போன்றது. எவர் தாழ்ந்தவர் என்று முத்திரையிடும் எண்ணோ சூட்டுக்கோல்.

உமறுப் புலவர் பெயர் பள்ளியோடு மறையவில்லை. சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையிலுள்ள தமிழ் மொழி நிலையம் அதைத் தாங்கி நிற்கிறது. வெவ்வேறு பள்ளிகளின் மாணவர் அங்கு வந்து தமிழ் பயில்கின்றனர். பிள்ளைக்குப் பள்ளி தேடும் நம்மவர், அது எத்தனையாம் இடம் என்று வினவுவதினும், சேர்ந்த பிள்ளையை எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றது என்று வினவுவதே அறிவுடைமை.