பிடிலுக்குள் ஒரு பெயர்ச்சீட்டு

நோர்வேயின் மேற்கே, மலைகளுக்கிடையே கடல் நெடுந்தொலைவு உட்புகுந்து கிடக்கும் நிலப்பகுதி ஹார்டங்கர். அங்கு, உல்லென்ஸ்வாங் வட்டாரத்தில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ஊலெ யோன்சன் யோஸ்டாட் (1621–1694). அவர் வகித்தது லென்ஸ்மன் என்னும் ஊர்ப்பதவி. நம் பழைய மணியக்காரரை ஒருவாறு அதற்கு ஒப்பிடலாம். பிடில் செய்தல் அவருக்குப் பிழைப்பன்று. எனினும் இன்று உலகம் அவரை அறிவது, பெர்கன் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பிடிலால்தான். அதன் பெயர்ச்சீட்டில் அவர் பெயரும் 1651 என்ற ஆண்டும் உள்ளன.

அப்பெயரைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். ஊலெ அவருடைய பெயர். யோன்சன் என்றால் யோனின் மகன். யோஸ்டாட் அவர் வாழ்ந்த பண்ணை. தந்தை பெயரைத் தம் பெயரோடு ஏந்திவரும் நம் மாணவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்வகைக் கருவியை ஹார்டிங்ஃபேலெ என்பர். ஃபேலெ என்பது பழைய நோர்ஸ் மொழியின் ஃபித்லாவிலிருந்து வந்தது. ஆங்கில வழியாக நாம் பெற்ற பிடில் என்னும் சொல்லும் அதற்கு உறவே. வில் படும் நான்கு தந்திகளின் கீழே வேறு சில தந்திகள் ஓடுகின்றன. அவற்றை வில் தீண்டுவதில்லை. மேலே எழும் ஒலிக்கு இசைந்து அவை தாமே அதிர்கின்றன. உடலில் மையால் வரைந்த பூங்கொடிகள், சிப்பிப் பதிப்பு, தலையில் விலங்கு முகம் என ஒப்பனையும் மிகுதி.

சிக்கல் அந்த ஆண்டில்தான். 1651 மெய்யானால், கிரெமோனாவில் நிக்கோலோ அமாத்தி பணியாற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு சிற்றூர் அலுவலர் இதைச் செய்திருக்கிறார். ஆனால் இக்கருவியைப் பரப்பிய கைவினைஞராக அறியப்படும் ஈசாக் நீல்சன் பொட்னென் (1669–1759), திரோன்ட் ஈசாக்சன் ஃப்ளாட்டெபோ (1713–1772) இருவரும் 18ஆம் நூற்றாண்டினர். (இவர்கள் தந்தையும் மகனும் ஆவர். பண்ணை மாறினால் பெயரின் கடைப்பகுதியும் மாறும். இதை அறியாதவர் இருவரையும் அயலார் எனக் கொள்வர்.) இடைவெளி பெரிது, ஆதலால் ஆய்வாளர் சிலர் ஆண்டை ஐயுறுகின்றனர். சீட்டு ஒன்றே சான்றாகாது என்பதும் உண்மை. ஸ்ட்ராடிவாரி பெயரைப் பொய்யாகத் தாங்கிய பிடில்கள் எத்தனையோ!

ஆயினும் இடைவெளியை மட்டும் காட்டி மறுப்பதை நான் ஏற்பதற்கில்லை. 19ஆம் நூற்றாண்டுச் சமய எழுச்சியில் இக்கருவி சாத்தானுடையது எனப் பழிக்கப்பட்டது. பல பிடில்கள் தீக்கிரையாயின, சில மறைத்துவைக்கப்பட்டன. எரிந்தவற்றுள் யார் யாருடைய சீட்டுகள் இருந்தன என்பதை எவர் கூறவல்லார்? 1651இல் ஊலெ யோன்சனுக்கு வயது முப்பது.