சுண்ணாம்பும் பதநீரும்

சமையலறையில் ஒன்றோடு ஒன்றைக் கலக்கும்போது விஞ்ஞானம் என்று யாரும் நினைப்பதில்லை. கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துவிடும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கும் என்பதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கத்தில் தெரிந்தவை. எங்கள் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பே அப்படி ஒரு கலவையின் மேல்தான் நின்றது: பதநீரும் சுண்ணாம்பும். நான் அதை ஒரு தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை. அதனால் என் படிப்பு பிரெஞ்சு வழியில் நடந்தது. கோடை விடுமுறை வந்தால் ஆச்சி வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். 1963-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா காலையும் மாலையும் முப்பது பனை ஏறி இறங்குவார். கலயங்களின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கொடுப்பது அந்த வருஷம் என் வேலை. சுட்ட சிப்பியைத் தண்ணீரில் நீற்றிய சுண்ணாம்பு, விரலைப் பொத்துவிடும். ஒரு நாள் மாலை விளையாட்டு அவசரத்தில், அடியில் இருந்ததைக் கலக்காமல் மேலே தெளிந்த நீரை மட்டும் ஏழெட்டுக் கலயத்தில் பூசிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்தக் கலயங்கள் நுரைத்திருந்தன. நன்றாகப் புளித்ததை மாமா பனையடியிலேயே மண்ணில் ஊற்றிவிட்டார். 1948 முதல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. கள் என்று யாராவது வாய் திறந்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும். லேசாகப் புளித்தது மட்டும் மற்றதோடு கலந்து விடிலிக்கு வந்தது. பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு, ஆச்சி மணிக்கணக்காகக் காய்ச்சினாள். பாகு இறுகவே இல்லை. சிரட்டையில் ஊற்றியது சாயங்காலம் வரை களி மாதிரி கிடந்தது.

மாமா ஒன்றும் பேசவில்லை. ஆச்சிதான், "ஏலே, சுண்ணாம்பு தடவச் சொன்னா தண்ணியத் தடவிருக்க. முப்பது பனை ஏறுன காலு வலி ஒனக்குத் தெரியுமாலே?" என்றாள்.

அடுத்த வருஷம் பள்ளியில் பாஸ்தர் பாடம் வந்தது. 1856-ல் பிரான்சின் லீல் நகரில் பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் எடுக்கும் ஒருவர், தொட்டிகள் கெட்டுப்போகின்றன என்று அவரிடம் வந்தார். பாஸ்தர் நுண்ணோக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட், கெட்டதில் வேறு வகைக் கிருமிகள். புளிப்பது என்பது உயிர்களின் வேலை என்று அவர் நிலைநாட்டினார். வாத்தியார் 'ஃபெர்மாந்தாசியோன்' என்று கரும்பலகையில் எழுதியபோது என் கண்ணில் தெரிந்தது அந்த நுரைத்த கலயம்தான்.

பாளையிலிருந்து சொட்டும் நீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றில் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்ததும் முதலில் சர்க்கரையை இரண்டாக உடைக்கிறது. அப்படி உடைந்த சர்க்கரை எளிதில் படிகமாகாது. ஆச்சியின் பாகு இறுகாமல் போனது அதனால்தான். பிறகு அதுவே சாராயமாக மாறுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த உயிர்களை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. பிரான்சின் பீட்ரூட் சர்க்கரை ஆலைகளிலும் சாற்றைத் தெளியவைக்கச் சுண்ணாம்பைத்தான் கலக்கிறார்கள்.

அடுத்த விடுமுறையில் இதையெல்லாம் மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "மருமவனே, அந்தத் தொரை பனை ஏறிருக்காரா?"

பக்கத்து இடையன்குடிக்கு 1841-ல் வந்து சேர்ந்த கால்டுவெல், 1849-ல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தப் பக்கத்துப் பனைத் தொழிலைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நூலின் மற்றக் கருத்துகளை நம் மக்கள் எதிர்த்தது தனிக் கதை. பாஸ்தர் லீல் நகரில் தொட்டியைப் பார்ப்பதற்கு முன்பே இங்கே விடிலிகளில் கருப்பட்டி காய்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்த நூல் சாட்சி.

மதுவிலக்குச் சட்டமும் இந்தச் சுண்ணாம்பையே எல்லைக் கோடாக வைத்தது. புளிக்காதபடி பக்குவம் செய்த கலயத்தில் இறக்கினால் பதநீர், இல்லையென்றால் கள். நான் குமாஸ்தாவாக இருந்தபோது பனையேறி ஒருவர் கொடுத்த மனு என் மேசைக்கு வந்தது. "கலயத்தில் சுண்ணாம்பு இருந்தது ஐயா" என்ற ஒரே வரியை மூன்று இடத்தில் எழுதியிருந்தார். மற்றவர்களுக்கு அது சாதாரண மனு. எனக்கு மாமா மண்ணில் ஊற்றிய பதநீர் நினைவுக்கு வந்தது. அதைக் கட்டின் அடியில் போடாமல் அன்றைக்கே மேலே அனுப்பினேன். குமாஸ்தாவால் முடிந்தது அவ்வளவுதான்.

1978-ல் பனை நம் மாநில மரமானது. இப்போது ஏற ஆள் குறைவு. கடையில் நல்ல கருப்பட்டி கிடைத்தால், வெட்டு முகத்தில் பாருங்கள். சில நேரம் வெள்ளையாக ஒரு பொட்டுச் சுண்ணாம்பு தெரியும். குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். யாரோ ஒரு பையன் அடியில் இருந்ததையும் கலக்கி, விரல் பொத்தப் பொத்தத் தடவியிருக்கிறான்.